பொன்னேரி வாசல்கள்

வாயில் என்ற சொல்லுக்கு வீட்டின் வாய் என்று பொருள். ‘இல்வாய்’ என நிற்க வேண்டியது முன்பின்னாக மாறி ‘வாயில்’ ஆனதை இலக்கண நூல்கள் இலக்கணப்போலிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கின்றன. பேச்சில் அது வாசல் ஆனது. ஆனபோது பொருளும் அகன்றது. நிலையும் கதவும் நிற்கும் இடம் வாசல். அதற்கு வெளியே சாணம் தெளித்துக் கோலம் போடும் தரையும் வாசல்தான். ‘வாசலில் யாரோ நிற்கிறார்கள்’ என்றால், வந்தவர் படியில் நிற்கிறாரா தெருவில் நிற்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை. வீடு முடிந்து தெரு தொடங்கும் இடத்தைத் தமிழ் கோடு போட்டுப் பிரிக்கவில்லை. அந்தப் பிரிபடாத இடத்தைப் பார்த்துக்கொண்டும் படமெடுத்துக்கொண்டும் தெருத்தெருவாக நடப்பது இன்று பலருக்கு விருப்பமான பொழுதாகியிருக்கிறது. சென்னைக்கு வடக்கே, ஆரணியாற்றங்கரையில் இருக்கும் பொன்னேரியும், அந்த ஆறு கடலைச் சேரும் பக்கம் இருக்கும் பழவேற்காடும் அத்தகைய நடைக்கு ஏற்ற ஊர்கள். அங்குள்ள வாசல்களைப் படிக்க வேண்டுமானால் தமிழ்நாட்டு வாசலின் வரலாறு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

கதவைப் பற்றித் தமிழில் கிடைக்கும் மிக விரிவான பழைய வருணனை நெடுநல்வாடையில் இருக்கிறது. பாண்டியன் அரண்மனையின் வாயிலை நக்கீரர் தச்சுக் கணக்கோடு சொல்லிச் செல்கிறார். இரும்புப் பட்டை அடித்த இரட்டைக் கதவு, அதன்மேல் செவ்வரக்குப் பூச்சு, நாள்மீனின் பெயர் கொண்ட உத்தரம், குவளைப் பூவும் பெண்யானைகளும் செதுக்கிய வேலைப்பாடு, இடைவெளி தெரியாமல் மரத்தை இறுக்கிய தச்சனின் கைத்திறன், நிலையில் அப்பிய வெண்கடுகும் நெய்யும் எல்லாம் அந்தச் சில அடிகளுக்குள் வந்துவிடுகின்றன. கொடி பிடித்த யானை நுழையும் உயரம் அந்த வாயிலுக்கு. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நிலையின் மேல் சட்டத்தை ஆசாரிகள் இன்றும் உத்தரம் என்றுதான் சொல்கிறார்கள். நிலைக்கு எண்ணெய் தடவி மஞ்சள் பூசும் வழக்கமும் இன்றுவரை வீட்டுக்கு வீடு இருக்கிறது. அரண்மனை போய்விட்டது, அதன் வாசலுக்குச் செய்த மரியாதை ஓட்டு வீட்டில் தங்கிவிட்டது.

பக்தி மரபிலும் கதவுக்குத் தனி இடம் உண்டு. வேதாரண்யம் எனப்படும் திருமறைக்காட்டில் அடைத்துக் கிடந்த கோயில் கதவு அப்பர் பாடத் திறந்ததாகவும், சம்பந்தர் பாட மூடிக்கொண்டதாகவும் பெரியபுராணம் கூறுகிறது. வைணவக் கோயில்களில் வைகுண்ட ஏகாதசி விடியற்காலையில் திறக்கும் சொர்க்கவாசலுக்காக மக்கள் இரவெல்லாம் காத்திருக்கிறார்கள். சிலப்பதிகாரத்தில் மதுரை அரண்மனைக்கு வரும் கண்ணகி முதலில் பேசுவது அரசனிடம் இல்லை, வாயில் காப்போனிடம். தமிழ் முஸ்லிம்கள் தங்கள் தொழுகை இடத்துக்கு வைத்துக்கொண்ட பெயர் பள்ளிவாசல். ஒரு சமூகத்தின் வழிபாட்டிடமே வாசலின் பெயரைத் தாங்கி நிற்பது இந்தச் சொல்லுக்கு இங்கே இருந்த கனத்தைக் காட்டும்.

வீட்டு வாசலைச் செய்தவர்கள் தச்சர்கள். ஊர்வழக்கில் ஆசாரி. வீடு கட்டும்போது சுவர் எழும்புவதற்கு முன்பே நிலை தயாராகிவிடும். வசதி உள்ளவர்கள் தேக்கும் வேங்கையும் வாங்கினார்கள். மற்றவர்களுக்கு வேம்பு, பலா, பூவரசு, இலுப்பை. நிலைக்கால் இரண்டு, மேலே உத்தரம், கீழே படி என நான்கு கட்டைகளையும் ஆணி இல்லாமல், ஒன்றின் நாக்கை இன்னொன்றின் துளையில் இறக்கிப் பூட்டுவது பழைய வேலை. மரம் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். ஆணி அடித்தால் அந்த இடத்தில் பிளக்கும், நாக்கும் துளையுமாக இருந்தால் கூடவே அசைந்து கொடுக்கும். பல பழைய நிலைகள் நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் மூலை பிரியாமல் நிற்பதற்கு இதுதான் காரணம்.

கதவு சுழலும் முறையைப் பார்த்தாலே அதன் வயது ஓரளவு தெரிந்துவிடும். இரும்புக் கீல் பரவுவதற்கு முன்பு கதவின் ஒரு பக்கச் சட்டம் மேலும் கீழும் நீண்டு குடுமியாக இருக்கும். மேல் குடுமி உத்தரத்துத் துளையிலும் கீழ்க் குடுமி கல்லில் குடைந்த குழியிலும் நின்று சுழலும். திறக்கும்போது கிரீச்சிடும் ஓசை அந்தக் குடுமியின் ஓசைதான். சொட்டு எண்ணெய் விட்டால் அடங்கும். உள்ளே மரத் தாழ்ப்பாள் அல்லது குறுக்குக் கட்டை, வெளியே நாதாங்கியும் வளையமும். பெரிய கோயில் கதவுகளில் ஓர் ஆள் மட்டும் குனிந்து நுழையும்படி சிறு கதவு ஒன்று வைத்திருப்பார்கள், அது திட்டிவாசல். இரவில் பெரிய கதவை அடைத்த பிறகு போக்குவரத்து அதன் வழியாகத்தான். வீட்டு நிலைகளும் பெரும்பாலும் குள்ளமானவை. நிமிர்ந்து நுழைந்தால் தலையில் இடிக்கும், ஆகவே உள்ளே வருபவர் வணங்குவதுபோல் குனிந்துதான் வர வேண்டும். உயரம் குறைந்தால் மரம் மிச்சம், வெயிலும் மழையும் உள்ளே வருவதும் குறையும். அந்தச் சிக்கனத்துக்குப் பணிவு என்று பொருள் சொன்னது பின்வந்தவர்களாக இருக்கலாம். இரண்டும் பொருந்தத்தான் செய்கின்றன.

நிலை வைப்பது ஒரு சடங்கு. நல்ல நாளும் நேரமும் பார்த்து, கீழே நவதானியமும் காசும் போட்டு, மாவிலை கட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, ஆசாரிக்கு வேட்டி துண்டு கொடுத்து நிலையைத் தூக்கி நிறுத்துவார்கள். அன்று முதல் அது மரச்சட்டம் என்ற நிலையிலிருந்து மாறி வீட்டின் ஓர் ஆளாகிவிடுகிறது. வெள்ளிக்கிழமை அதற்கு மஞ்சளும் பொட்டும். நிலைப்படியில் உட்காரக் கூடாது, படியில் நின்று பணமோ அரிசியோ கொடுக்கக் கூடாது, விளக்கு வைத்த நேரத்தில் வாசலை இருட்டாக விடக் கூடாது. இரணியனை நரசிம்மர் உள்ளும் புறமும் ஆகாத வாசற்படியில் வைத்துக் கொன்ற கதையைப் பாட்டிமார்கள் இதற்குக் காரணமாகச் சொல்வார்கள். சண்டை முற்றினால் ‘இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்’ என்பதுதான் கடைசிச் சொல். சமாதானம் ஆவதும் அந்தப் படியை மிதிப்பதில்தான்.

வரவேற்ற வாசலே விலக்கவும் செய்தது. திண்ணை வரை வரலாம், இடைகழி வரை வரலாம், முற்றம் வரை வரலாம் என்று சாதி பார்த்து மனிதர்களை நிறுத்திய இடங்கள் வீட்டின் அமைப்பிலேயே இருந்தன. வழிப்போக்கர் படுத்துறங்கவும் பிள்ளைகள் படிக்கவும் இடம் கொடுத்த திண்ணை, இன்னொருவருக்கு அதற்குமேல் போகக் கூடாத எல்லையாக இருந்தது. சிலருக்குத் திண்ணையும் இல்லை, தெருவும் இல்லை. கோயில் வாசல்களும் அப்படியே அடைந்து கிடந்தன. 1939 ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அ. வைத்தியநாதய்யர் தலைமையில் தாழ்த்தப்பட்ட மக்களும் நாடார்களும் நுழைந்தார்கள். அதைத் தொடர்ந்து அதே ஆண்டில் சட்டப் பாதுகாப்பும் 1947இல் சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலய நுழைவுச் சட்டமும் வந்தன. பழைய வாசலின் அழகைப் பேசுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது சரியன்று. செதுக்கு வேலையைப் பார்த்துக் கண் மகிழும்போது, அந்த நிலைக்கு முன்னால் நிற்க விடப்படாதவர்களும் நினைவில் இருக்க வேண்டும்.

பொன்னேரி அரிசியும் ஏரியும் கோயிலும் சேர்ந்து வளர்த்த ஊர். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் தாலுகா தலைநகராக இருந்தது. 1997இல் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தபோது அதனோடு சேர்ந்தது. பேரூராட்சியாக இருந்து 2021இல் நகராட்சியானது. ஊருக்கு இரண்டு கோயில்கள் முக்கியம். ஒன்று அகத்தீஸ்வரர் கோயில். மற்றொன்று திருவாயர்பாடியில் உள்ள கரிகிருஷ்ணப் பெருமாள் கோயில். தலக்கதை அதைக் கரிகால் சோழனோடு இணைக்கிறது. சித்திரைப் பெருவிழாவில் பெருமாள் கருட வாகனத்தில் தம் வாசலை விட்டுப் புறப்படுகிறார், அகத்தீஸ்வரரும் தம் கோயிலை விட்டு வருகிறார், இருவரும் ஊர்க் கடைத்தெருவில் எதிரெதிரே சந்திக்கிறார்கள். சந்திப்புத் திருவிழா என்று பெயர். சந்திக்கும் அந்தத் தெருவுக்கு ஹரிஹரன் பஜார் என்று பெயர். சைவமும் வைணவமும் அவரவர் கோபுரவாசலுக்குள் இருந்தபடியே சமரசம் பேசவில்லை, இரண்டும் தெருவுக்கு வந்தன. அன்று தெரு வீடுகளின் வாசல்கள் கழுவிக் கோலமிட்டு விளக்கேற்றிக் காத்திருக்கும். ஒரு பழைய வாசல் எதற்காக அத்தனை அலங்காரத்தோடு செய்யப்பட்டது என்பது, சாமி அதன் முன்னால் வந்து நிற்கும்போது விளங்கும்.

பொன்னேரியைச் சுற்றி இப்படி வாசல்கள் விரவிக் கிடக்கின்றன. தெற்கே மீஞ்சூர், ஏகாம்பரேஸ்வரரும் வரதராஜப் பெருமாளும் ஒரே ஊரில் இருப்பதால் வடகாஞ்சி எனப் பெயர் பெற்றது. பழவேற்காட்டுச் சாலையில் திருப்பாலைவனம். அங்குள்ள சிவன் கோயில் சோழர் காலக் கல்வெட்டுகள் கொண்டது. மேற்கே பஞ்செட்டியில் இன்னொரு அகத்தீஸ்வரர். கல் நிலைகளில் கஜலட்சுமியும் கொடிக்கருக்கும் துவாரபாலகரும் இருக்கும். அவற்றைப் பார்த்துவிட்டு ஊருக்குள் வந்தால், வீட்டு நிலையின் உத்தரத்தில் ஆசாரி செதுக்கிய தாமரையும் கஜலட்சுமியும் எங்கிருந்து வந்தன என்று தெரியும். கல்தச்சனின் வாசலை மரத்தச்சன் சிறிதாக்கி வீட்டுக்குக் கொடுத்திருக்கிறான்.

பழவேற்காட்டின் கதை வேறு. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியின் கரையில், விஜயநகரப் பேரரசின் துறைமுகமாக இருந்த ஊர் அது. போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தார்கள். மகிமை மாதா கோயிலின் தொடக்கம் 1515 என்பது வழக்கு. அடுத்து டச்சுக்காரர்கள். 1613இல் அவர்கள் கட்டிய கோட்டைக்கு கெல்டிரியா என்று பெயர். சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைமையிடம் 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை பெரும்பாலும் இங்கேதான் இருந்தது. கட்டம்போட்ட பழவேற்காட்டுத் துணி கீழைத் தீவுகளுக்குப் போய் வாசனைப் பொருளாகத் திரும்பியது. அதே துறைமுகத்திலிருந்து மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றி பத்தேவியாவுக்கு அனுப்பினார்கள். 1825இல் ஊர் முடிவாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை இன்று புதர் மூடிய மேடு.

மிச்சம் நிற்பது கல்லறைத் தோட்டத்தின் வாசல். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள அந்த டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் நுழைவாயிலில் இருபுறமும் எலும்புக்கூடுகள் கல்லில் நிற்கின்றன. நம் கோயில் வாசலில் துவாரபாலகர் கதையும் வாளும் ஏந்தி நிற்கும் அதே இடத்தில், வந்தவன் போகத்தான் வேண்டும் என்பதை அந்த எலும்புக்கூடுகள் சொல்கின்றன. உள்ளே 17ஆம் நூற்றாண்டுக் கல்லறைக் கற்களில் குடும்பச் சின்னங்களும் ஆழமான எழுத்துச் செதுக்கலும் உள்ளன. தமிழ்நாட்டில் படமெடுக்கத் தக்க வாசல்களைப் பத்து சொல்லச் சொன்னால் அவற்றில் ஒன்றாக இதைச் சேர்க்கத் தயங்க வேண்டியதில்லை.

அதே ஊரில் ஆதிநாராயணப் பெருமாள் கோயில் செம்புராங்கல்லில் எழுந்தது. துளைத்துளையாக இருக்கும் அந்தக் கல்லில் நுண்ணிய சிற்பம் செதுக்குவது கடினம், ஆயினும் ராமாயணக் காட்சிகளைச் சின்னஞ்சிறு பலகைகளாகச் செதுக்கியிருக்கிறார்கள். சற்றுத் தள்ளிப் பள்ளிவாசல், அங்கே நேரம் காட்டும் நிழற்கடிகாரம். கடல் வணிகம் செய்த மரைக்காயர் குடும்பங்கள் அரபுத் தமிழ் ஏடுகளை வீட்டில் வைத்துக் காத்து வந்தவர்கள். அவர்கள் தெருக்களில் திண்ணையும் மரத்தூணும் முற்றமும் தமிழ் வீட்டுக்குரியவை. நிலைக்கு மேலே மட்டும் சாமி உருவம் இருக்காது. பூவேலைப்பாடோ அரபு எழுத்தோ 786 என்ற எண்ணோ இருக்கும். அடுத்த தெருவின் கிறிஸ்தவ வீட்டில் சிலுவை. செய்தது அதே ஆசாரியின் கையாகக்கூட இருக்கலாம். கடற்காற்றும் எல்லாக் கதவையும் ஒன்றாகவே நடத்துகிறது. இரும்புக் கீல் பொருக்குதிர்ந்து துருவேறும், பித்தளைக் குமிழ் பச்சை பூக்கும், மரம் மட்டும் சாம்பல் நிறமாகி வரிவரியாக நிற்கும்.

டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் இருந்த அதே காலத்தில், அவர்கள் நாட்டில் பீட்டர் டி ஹூக் போன்ற ஓவியர்கள் திறந்த கதவுகளையும் அவற்றின் வழியே தெரியும் முற்றங்களையும் வரைந்துகொண்டிருந்தார்கள். அரசரும் புனிதரும் இல்லாத, துடைப்பமும் வாளியும் உள்ள வாசலும் ஓவியத்துக்குரிய பொருள்தான் என்பதை அவர்கள் நிறுவினார்கள். இரு நூற்றாண்டுக்குப் பின் இங்கிலாந்தில் புகைப்படக்கலையைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், 1844இல் ஒரு திறந்த கதவைப் படமெடுத்தார். கதவருகே சாய்த்து வைத்த குச்சித் துடைப்பம், சுவரில் தொங்கும் விளக்கு, உள்ளே இருட்டு. படத்தின் பெயரும் ‘திறந்த கதவு’தான். அன்றாடப் பொருளைப் படமெடுத்ததற்கு நியாயமாக அவர் சுட்டிக்காட்டியது டச்சு ஓவியர்களை. ஆக, வாசலைப் படமெடுக்கும் வழக்கத்துக்குப் புகைப்படக்கலையின் வயதேதான்.

அதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. தொடக்கக் காலத்தில் ஒரு படம் பதிய நொடிகளும் நிமிடங்களும் ஆயின. மனிதர் அசைவார், மரக்கிளை அசையும்; கட்டடம் அசையாது. சென்னையில் 1856இல் அலெக்சாண்டர் ஹன்டரின் முயற்சியால் புகைப்படச் சங்கம் தொடங்கியது. சென்னை அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858இல் ஸ்ரீரங்கம், தஞ்சை, மதுரை என்று பெரிய காகித நெகட்டிவ்களோடு பயணம் செய்து கோபுரங்களையும் மண்டபங்களையும் நுழைவாயில்களையும் எடுத்தார். கருவிகளை மாட்டுவண்டியில் ஏற்றிச் சென்ற காலம். கோயில் வாசலுக்கு இருந்த அந்த மரியாதை வீட்டு வாசலுக்கு அப்போது கிடைக்கவில்லை. நம் நாட்டு வீடுகளின் 19ஆம் நூற்றாண்டுப் படங்கள் அரிதாக இருப்பது பெரிய இழப்பு.

இடிபடப் போவதைப் படமாக்கி வைக்கும் எண்ணம் லண்டனில் 1875இல் ஒரு சங்கமாக உருப்பெற்றது; பழைய லண்டனின் எச்சங்களைப் படமெடுப்பதற்காகவே தொடங்கிய அந்தச் சங்கம் 1886 வரை ஆண்டுதோறும் படங்கள் வெளியிட்டது. பாரிஸில் எஜேன் அட்ஜே ஏறத்தாழ 30 ஆண்டுகள், 1927இல் இறக்கும் வரை, கனத்த காமிராவைத் தோளில் சுமந்து விடியற்காலையில் தெருத்தெருவாக நடந்தார். கதவு, கைப்பிடி வளையம், படிக்கட்டு, முற்றம் என ஆயிரக்கணக்கில் எடுத்து நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் விற்றுப் பிழைத்தார். நடப்பதும் வாசலைப் படமெடுப்பதும் ஒரே வேலையானது அவர் வாழ்க்கையில்தான். சென்னையில் இந்த வழக்கத்துக்கு அடித்தளம் போட்டவர் எஸ். முத்தையா. 1981இல் வந்த அவருடைய சென்னை வரலாற்று நூலும், 2004 முதல் ஆகஸ்ட் 22ஐ ஒட்டிக் கொண்டாடும் சென்னை தின நடைகளும் ஊரைக் காலால் பார்க்கும் பழக்கத்தைப் பலருக்கு ஏற்படுத்தின. கைப்பேசியில் காமிரா வந்த பிறகு அதற்குத் தனிச் செலவும் இல்லை.

நடைக்கும் வாசலுக்கும் உள்ள பொருத்தம் எளிமையானது. வண்டியில் போகிறவருக்குத் தெரு ஒரு வழி மட்டுமே. வாசல் தேடுகிறவர் பத்தடிக்கு ஒருமுறை நிற்க வேண்டும், பக்கவாட்டில் பார்க்க வேண்டும், சில சமயம் திரும்பி வர வேண்டும். வேகமாக நடந்தால் கால்மணி நேரத்தில் முடியும் கோயில் தெரு ஒரு காலைப் பொழுதை எடுத்துக்கொள்ளும். மருத்துவர் சொன்னாலும் நடக்காதவர்கள் அடுத்த தெருவில் என்ன கதவு இருக்கிறது என்ற ஆவலில் நடந்துவிடுகிறார்கள். எத்தனை தூரம் வந்தோம் என்பது காபிக் கடையில் உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது. உடலுக்கு நன்மை என்று தொடங்கும் நடை சில வாரத்தில் நின்றுவிடும். கண்ணுக்கு வேலை இருக்கும் நடை நிற்பதில்லை.

நிற்கப் பழகியவருக்கு வாசல் ஒரு பதிவேடு. நிலைக்கு மேல் சுதையில் கட்டிய ஆண்டு இருக்கும். தமிழ்நாட்டின் பல ஊர்களில் 1947ஐ ஒட்டிக் கட்டிய வீடுகளின் முகப்பில் பாரதமாதாவோ காந்தியோ இருப்பதுண்டு. பக்கச் சுவரில் பழைய கதவு எண், அதற்கு மேல் புதிய எண். மலேரியாவுக்கு மருந்து அடித்த தேதியை அச்சுத்தகட்டால் பூசியது, போலியோ சொட்டு மருந்துக்காரர்கள் சுண்ணாம்புக்கட்டியில் போட்ட குறி, கணக்கெடுப்பு எண், தேர்தல் ஒட்டுவில்லை. நிலைக்காலில் பெண்கள் வைத்த மஞ்சள் அடுக்கடுக்காகப் படிந்து மரத்தின் நிறமே மாறியிருக்கும். படியின் நடுப்பகுதி மட்டும் கால் பட்டுப் பட்டுக் குழிந்திருக்கும். திருஷ்டிக்குக் கட்டிய படிகாரமும் கற்றாழையும் குதிரை லாடமும் உத்தரத்தில் ஆடும். பச்சை எனாமல் உரிந்த இடத்தில் நீலம், நீலம் உரிந்த இடத்தில் செங்காவி. ஒரு கதவைத் தொடர்ந்து பத்து நிமிடம் பார்த்தால் மூன்று தலைமுறை வெளியே வந்துவிடும்.

வாசலைப் படமெடுப்பதற்குச் சில நடைமுறைகள் உண்டு. வெளிச்சம் முதல் விஷயம். கிழக்குப் பார்த்த வாசலுக்குக் காலை, மேற்குப் பார்த்ததற்கு மாலை. உச்சிவெயிலில் திண்ணைக் கூரையின் நிழல் கதவை விழுங்கிவிடும். வடக்குப் பார்த்த வாசலில் பெரும்பாலான மாதங்களில் நேர்வெயில் விழாது, நிறம் அங்கே உள்ளபடி பதியும். நேர் எதிரே, நிலைக்காலும் சட்டமும் சாயாமல் நின்று ஒரு படம், பிறகு குமிழ், நாதாங்கி, குடுமி, படி என்று அருகில் போய் ஒவ்வொன்றாக. அதைவிட முக்கியம், வீட்டாரிடம் கேட்பது. வீடு கண்காட்சிப் பொருளன்று. யாரோ வந்து கதவைப் படமெடுத்தால் வரிக்காரரா, வங்கிக்காரரா, இடம் வாங்க வந்தவரா என்ற அச்சம் இயல்பு. ‘உங்க கதவு ரொம்ப அழகா இருக்கும்மா, ஒரு படம் எடுத்துக்கலாமா’ என்று கேட்டால் பெரும்பாலும் அனுமதி கிடைக்கும், கூடவே கதையும் கிடைக்கும். மரம் எந்த ஊரிலிருந்து வந்தது, நிலை வைத்தபோது யார் இருந்தார்கள், எந்த வெள்ளத்தில் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்பதெல்லாம் கதவைத் திறந்தவர் சொல்லித்தான் தெரியும்.

வாசல்கள் வேகமாக மறைகின்றன என்பதில் சந்தேகமில்லை. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை, எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள், அனல்மின் நிலையங்கள் என்று வட்டாரம் மாறிவிட்டது. சென்னை–பெங்களூரு தொழில் வழித்தடத்தில் பொன்னேரியைத் திறன்மிகு நகரமாக்கும் திட்டம் 2014 ஜூலையில் மத்திய பட்ஜெட்டில் இடம்பெற்றது. மனை விலை ஏற ஏறத் திண்ணை முதலில் போகும். அந்த இடத்தில் கடையோ இருசக்கர வாகனம் நிறுத்துமிடமோ வரும். பிறகு ஓடு போகும். கதவு மட்டும் பெரும்பாலும் அழிவதில்லை, விற்பனைக்குப் போகிறது. பர்மாத் தேக்கில் செய்த செட்டிநாட்டு நிலைகள் கழற்றப்பட்டு, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள் வழியாக விடுதிகளுக்கும் வெளிநாடுகளுக்கும் போயிருப்பது ஊரறிந்தது. சுவரில்லாத இடத்தில் அலங்காரமாகச் சாய்த்து வைத்த நிலை பார்க்க அழகாக இருக்கலாம். வழி விடாத வாசலை வாசல் என்று சொல்ல மனம் வருவதில்லை.

காப்பாற்றியதற்கும் முன்மாதிரிகள் உள்ளன. புதுச்சேரியில் வைசியாள் தெருவின் தமிழ் வீடுகளைத் திண்ணையும் தாழ்வாரமும் முகப்புமாகப் புதுப்பித்த பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. ஒரு தனி மாளிகையைக் காக்காமல் தெருவின் முகத்தையே காத்ததுதான் அதன் சிறப்பு. முட்டுக்காட்டில் 1996 முதல் இயங்கும் தட்சிணசித்ராவில், இடிக்கப்படவிருந்த வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து வாசலும் முற்றமும் கெடாமல் மறுபடி கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் உள்ளன. பொன்னேரியின் சாதாரண ஓட்டு வீட்டுக்கு இவை எதுவும் வரப்போவதில்லை. அதற்குக் கிடைக்கக்கூடிய பதிவு, நடந்து வந்த ஒருவர் எடுத்த படம்தான்.

அந்தப் படம் பயன்பட வேண்டுமானால் அதோடு தெருவின் பெயர், வாசல் பார்க்கும் திசை, எடுத்த தேதி, மரம் என்ன, யார் செய்தது என்று தெரிந்தவற்றை எழுதி வைக்க வேண்டும். ஆள் பெயரும் கதவு எண்ணும் வீட்டார் சம்மதித்தால் மட்டும். ஒரு பிரதி அச்சிட்டு வீட்டாருக்குக் கொடுப்பது நல்ல பழக்கம். தங்கள் கதவை யாரோ மதித்து எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்த வீட்டார் அதை விற்பதற்கு முன் ஒருமுறை யோசிப்பார்கள். அடுத்த ஆண்டு அதே நாளில் அதே இடத்தில் நின்று மறுபடி எடுத்தால் ஊரின் மாற்றம் தானாகப் பதிவாகும். தொடங்குவதற்கு அவரவர் குடியிருக்கும் தெருவே போதும். பொன்னேரியைப் பார்க்க விரும்புகிறவர்கள் சென்னை சென்ட்ரலின் மூர் மார்க்கெட் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி மின்ரயில் ஏறலாம். மீஞ்சூர், அனுப்பம்பட்டு தாண்டினால் பொன்னேரி. காலை ஏழு மணிக்குள் இறங்கிவிட்டால் கிழக்குப் பார்த்த வாசல்கள் எல்லாம் வெயிலில் நிற்கும், கோலமும் காய்ந்திருக்காது.